அம்மாவின் ரிப்போர்ட்டில் இருந்த கடைசி வரி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். முதலில் ‘சார்’ என்றாள், அப்புறம் ‘மாமா’ என்றாள். பெயர் ரேவதி என்றும், ஓசூரில் உன் கம்பெனியிலேயே வேலை பார்ப்பதாகவும், இரண்டு வருஷமாக உன்னைத் தெரியும் என்றும் சொன்னாள். நான் அப்போதுதான் வயலிலிருந்து கரையேறியிருந்தேன். காலில் சேறு அப்படியே இருக்க, வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்து கேட்டேன். “எங்க வீட்டுக்கு வந்து அப்பாகிட்டப் பேசுங்கன்னு சொன்னேன் மாமா, மாட்டேங்கிறாரு. ஏன்னு கேட்டா, ‘எங்க அம்மாவுக்கு வியாதியக் குடுத்ததே நான்தான், அவங்க போனது போதும், இன்னொருத்திக்கும் குடுக்கணுமா’ன்னு கேக்குறாரு. எல்லாம் குணமாயிடுச்சுன்னு டாக்டர் குடுத்த பேப்பர அவரே காட்டுறாரு. ஆனா அவரே அத நம்பல. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு” என்றாள். நான் பேசுகிறேன் அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்கு மேல் அந்தப் பெண்ணிடம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் உன் நம்பரை எடுத்து எடுத்துப் பார்த்தேன். நீ எடுத்தால் “சாப்டீங்களா அப்பா, மாத்திரை வாங்கணுமா, பணம் எதும் அனுப்பவா” என்று கேட்பாய். நான் “ஒண்ணும் வேணாம் தம்பி” என்பேன். நாலு வருஷமாக நாம் இருவரும் பேசுவது அவ்வளவுதான். அந்தப் பேச்சுக்குள் இதைப் புகுத்த எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சுற்றி வளைத்தால் பாதியில் மனசு மாறிவிடும் என்ற பயம் இருக்கிறது. எனவே சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவுக்கு அந்த நோய் உன்னிடமிருந்து வரவில்லை. என்னிடமிருந்து வந்தது. இது எனக்கு அப்போதே தெரியும். உன் அம்மாவுக்கும் தெரியும். தெரியாதவன் நீ ஒருவன்தான். உன்னைத் தெரியாதவனாக வைத்திருந்தது நான்.

இது எப்படி எனக்குத் தெரியும் என்று நீ கேட்பாய். அதைச் சொல்ல நீ எட்டாம் வகுப்பு படித்த வருஷத்திற்குப் போக வேண்டும். அப்போது நான் அறுவடை மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். தை பிறந்ததும் சீர்காழிப் பக்கம் ஆரம்பித்து, அறுத்துக்கொண்டே தெற்கே இறங்கி, கடைசியில் நம் கடைமடைக்கு வந்து சேர்வோம். அந்த வருஷம் ஐப்பசி மழையில் எனக்கு இருமல் பிடித்தது. சளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு டிபி என்றார்கள். இப்போது லேபில் சளியைச் சோதிக்க உள்ள மிஷின் எதுவும் அப்போது நம் பக்கத்தில் கிடையாது. ஆறு மாதம் மாத்திரை போட வேண்டும், ஒரு நாள்கூட விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். உன்னிடம் நெஞ்சுச் சளி என்று சொன்னோம். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டேன். உடம்பு தேறிவிட்டது, சோறு இறங்கியது, இருமல் போன இடம் தெரியவில்லை. நாலாவது மாதம் அறுப்பு வந்தது. நான் வரவில்லை என்றால் ஓனர் வேறு டிரைவரைப் போட்டுவிடுவார். மாத்திரையைக் கையில் எடுத்துப் போனால் கூட இருப்பவர்கள் என்ன ஏது என்று கேட்பார்கள். ஒரே களத்தில் படுத்து, ஒரே குடத்தில் தண்ணீர் குடிப்பவர்கள். எனவே மாத்திரையை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். மருந்து கொடுக்கும் நர்சம்மா போன் செய்து “போடுறீங்களாண்ணே?” என்று கேட்பார். மிஷின் சத்தத்திற்கு மேலே கத்தி “போடுறேம்மா” என்பேன். நாற்பது நாள் கழித்து வீடு திரும்பியபோது நன்றாகத்தான் இருந்தேன். நன்றாக இருப்பவனுக்கு மாத்திரை எதற்கு என்று விட்டுவிட்டேன். அரைகுறையாக மருந்து தின்ற கிருமி சாகாமல் உள்ளேயே கிடந்து, அந்த மருந்தையே எதிர்த்து நிற்கப் பழகிக்கொள்ளும் என்று பின்னால் எனக்குச் சொன்னார்கள். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அறுப்பை விட்டிருப்பேனா என்று இப்போது யோசிக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்து உன் கதை. அது உனக்கே தெரியும் என்றாலும் என் பக்கத்திலிருந்து கேள். தஞ்சாவூரில் பாலிடெக்னிக் கடைசி வருஷம். ஹாஸ்டலிலிருந்து நீ லீவுக்கு வந்திறங்கியபோது சட்டை தோளில் நிற்கவில்லை. இரண்டு நாள் உன்னையே பார்த்துக்கொண்டிருந்த உன் அம்மா மூன்றாம் நாள் என்னிடம் வந்து நின்றாள். “புள்ள ரெண்டு வாரமா இருமுறானாம். பாத்துக்கிட்டே இருக்கீங்களே, கூட்டிட்டுப் போக வேணாமா?” என்றாள். எனக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஒரு தடவை பட்டவனுக்கு அந்த இருமலின் சத்தம் மறக்காது. ஆனால் வாயைத் திறந்து சொன்னால் உண்மையாகிவிடும் என்பதுபோல் இருந்தேன். கடைசியில் அவள்தான் உன்னை நாகப்பட்டினத்திற்கு பஸ் ஏற்றினாள். நான் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தேன்.

அங்கே லேபில் இருந்த செல்வி மேடத்தை உனக்கு நினைவிருக்கும். ஒல்லியான உடம்பு, கணீர்க் குரல். டப்பாவை உன் கையில் கொடுத்து, வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் ஆழமாக இருமித் துப்பச் சொன்னார். நீ கொண்டுவந்து கொடுத்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது எச்சில் தம்பி, எனக்குச் சளி வேணும், மறுபடி போ” என்று திருப்பி அனுப்பினார். தகட்டில் வைத்துப் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் போன உயிர் வந்தது. கிளம்பலாமா என்று எழுந்துவிட்டேன். “தகட்டுல தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லண்ணே. நெறைய கிருமி இருந்தாத்தான் கண்ணுக்குத் தெரியும். கொஞ்சமா இருந்தாலும் இந்த மிஷின் புடிச்சிரும், ரெண்டு மணி நேரம் இருங்க” என்று சொல்லி, சளியை ஒரு மருந்துத் தண்ணீரில் கலந்து குலுக்கி வைத்து, பிறகு கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பிக்குள் ஊற்றி, அந்த மிஷினின் சின்னக் கதவைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். நீ போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தாய். உன் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் தாள் வந்தது. அதில் இரண்டு விஷயம் இருந்தது. கிருமி இருக்கிறது என்பது ஒன்று. கடைசி வரியில், முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படும், எதிர்ப்பு இல்லை என்பது இன்னொன்று. “பயப்படாதீங்கக்கா. சாதா மருந்துலயே போயிரும். ஆறு மாசம்” என்று மேடம் உன் அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அவள் உன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், நினைவிருக்கிறதா? இரண்டு நாளாக அவள் கண் மூடவே இல்லை.

அதற்கு அடுத்த வாரம் வீட்டில் இருப்பவர்களைச் சோதிக்க ஆள் வந்தார்கள். உன் அம்மா போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டாள், சுத்தமாக இருந்தது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். நீ நோயோடு வீட்டில் இருமிக்கொண்டிருந்தபோது எடுத்த படம் அது. நான் போகவில்லை. வெளியில் எடுத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை என்று பொய் சொன்னேன். அப்போதே எனக்கு ஆறேழு மாதமாக இருமல் இருந்தது. அறுவடைத் தூசு என்று எல்லோரிடமும் சொன்னேன். தூசு என்று யாராவது சந்தேகமில்லாமல் ஒப்புக்கொண்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். வீட்டில் இருமினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று எழுந்து வயல் பக்கம் போய் இருமிவிட்டு வருவேன். மறுபடியும் அந்த மாத்திரை, மறுபடியும் அந்த ஆஸ்பத்திரி வரிசை, ‘பாதியில விட்டீங்களா?’ என்ற கேள்வி. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் தம்பி. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

நீ ஹாஸ்டலுக்குத் திரும்பாமல் வீட்டிலேயே இருந்து, ஆறு மாதமும் ஒரு நாள் தவறாமல் மருந்து போட்டாய். நீ போட்டாய் என்பதைவிட அவள் போட வைத்தாள் என்பதுதான் சரி. காலையில் மாத்திரையோடு உன் முன்னால் வந்து நின்று, நீ விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நகர மாட்டாள். நீ உன் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கழுவி ஜன்னல் ஓரத்தில் வைப்பாய். அவள் அதை எடுத்து மற்றப் பாத்திரங்களோடு கலந்துவிடுவாள். “தட்டுல ஒட்டாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு. நீ என்ன தனிக் குடித்தனமா பண்ற?” என்று கேட்டாள். மருந்து முடிந்து மறுபடி சோதித்துச் சுத்தம் என்று சொன்ன பிறகுதான் நீ ஓசூர் போனாய். நீ போன நாலாவது மாதம் அவள் இரும ஆரம்பித்தாள்.

அவளை அந்த லேபுக்கு நான் கூட்டிப் போனேன். உனக்குச் செய்த அதே சோதனை. வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. மேடம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய பதிவில் உன் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “பாருங்கண்ணே. தம்பிக்கு ஹாஸ்டல்ல எங்கயாவது ஒட்டியிருக்கும், அது மருந்துக்குக் கட்டுப்படுற கிருமி. அக்காவுக்கு வந்திருக்கிறது அந்த மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி. யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு மிஷின் சொல்லாதுதான். ஆனா தம்பிகிட்டேருந்து வந்திருந்தா மொத டெஸ்ட்லயே இப்படி இருக்காது. டாக்டரும் அதத்தான் சொல்றாரு. வீட்டுல வேற யாருக்காவது இருமல் இருக்கா? முன்னாடி மருந்த பாதியில விட்டவங்க யாராச்சும்?” என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் “அப்படி யாரும் இல்லம்மா” என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு இருமல் வந்தது. அடக்கிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு அடக்கினேன். மேடம் இரண்டு தாளையும் மடித்து என் கையில் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து நீ லீவு போட்டு ஓடி வந்தாய். அதற்குள் பெரிய அத்தை ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது: “புள்ளைக்குப் பக்குவம் பாத்தா, இப்ப அவளுக்கு ஒட்டிக்கிச்சு.” என் அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அம்மாவைப் பார்த்துவிட்டு நீ வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டில் என்னோடு நின்றாய். டீ வாங்கிக் கொடுத்தேன், நீ குடிக்கவில்லை. “அப்பா, உண்மையச் சொல்லுங்க. அம்மாவுக்கு என்கிட்டேருந்துதான வந்துச்சு?” என்று கேட்டாய். அந்த இரண்டு தாளும் என் சட்டைப் பையில் இருந்தன. நான் சொன்னது உனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கும். “விடு தம்பி. நடந்தது நடந்துபோச்சு.” நான் ஆமாம் என்று சொல்லவில்லை என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் உன் காதில் விழுந்தது ஆமாம்தான். அப்படித்தான் விழும் என்று தெரிந்தே சொன்னேன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி என்று ஒன்று இருந்தால் அது இதுதான் தம்பி: உன்னிடம் ஒருவர் கலங்கி நின்று ஒரு கேள்வி கேட்டால், உண்டு என்றோ இல்லை என்றோ பதில் சொல். சமாதானம் சொல்கிற மாதிரி ஒரு வார்த்தையை வீசிவிட்டு நகர்ந்துவிடாதே.

நீ ஓசூருக்குத் திரும்பிய மறுநாள் உன் அம்மா என்னை உட்காரச் சொன்னாள். நான் லேபில் சொன்ன பொய்யைப் பெஞ்சில் இருந்தபடியே கேட்டிருக்கிறாள். வரும்போது பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. நீ வந்திருந்தபோதும் பேசவில்லை. அன்றைக்குத்தான் பேசினாள். “அலமாரியில துணிக்கு அடியில இருந்த மாத்திரைய நான் அப்பவே பாத்தேங்க. கேட்டா நீங்க வருத்தப்படுவீங்கன்னு கேக்கல. அது என் தப்பு. இப்ப எனக்காக ஒரு தடவ போயி துப்பிக் குடுத்துட்டு வாங்க” என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் நான் கிளம்பி வயலுக்குப் போயிருப்பேன். மறுநாள் காலை போனேன். மேடம் ஒரு கேள்வியும் கேட்காமல் டப்பாவைக் கொடுத்தார். அந்த வேப்பமரத்தடியில் நின்று இருமும்போது, இத்தனை மாதம் ஒளித்து ஒளித்து இருமியது எல்லாம் சேர்ந்து வெளியே வருவது போல் இருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் நான் எங்கும் போகவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். தாள் வந்தது. உன் அம்மாவின் தாளில் கடைசி வரியில் என்ன இருந்ததோ, அதே வரி என்னுடையதிலும் இருந்தது.

இருவருக்கும் ஒரே நாளில் மருந்து ஆரம்பித்தார்கள். ஒன்றரை வருஷத்திற்கு மேல் போட வேண்டிய மருந்து. நீ மாதம் ஒரு முறை வரும்போது அவளுடைய டப்பாவில் அத்தனை மாத்திரையா என்று பார்த்துப் பதறுவாய். அதில் பாதி என்னுடையது. அந்த மாத்திரைகளில் ஒன்று தோலைக் கறுக்க வைக்கும். அவள் முகம் கறுத்துக்கொண்டே வந்ததைப் பார்த்து நீ அழுதாய். என்னைப் பார்த்து, “நீங்களும் கறுத்துட்டீங்களே அப்பா, வெயிலா?” என்று கேட்டாய். “ஆமா தம்பி, வெயிலுதான்” என்றேன். உன் அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். நீ போனதும் கேட்டாள், “எப்பச் சொல்லப் போறீங்க?” அடுத்த தடவை வரும்போது என்றேன். அப்படி ஆறு தடவை நீ வந்து போனாய். ஒரு நாள் நான் எரிச்சலில், “நீயே சொல்லேன், உன்ன யாரு தடுத்தா?” என்றேன். அவள் சொன்ன பதிலை இன்றுவரைக்கும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. “நான் சொன்னா உங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். நீங்க சொன்னா அவனக் காப்பாத்துன மாதிரி ஆகும். நீங்களே சொல்லுங்க.”

அவளுக்குச் சர்க்கரையும் இருந்தது. நுரையீரலும் ஏற்கனவே நிறையக் கெட்டுவிட்டிருந்தது. உனக்குச் சோதித்தபோதே நானும் துப்பிக் கொடுத்திருந்தால் அவளுக்கு அது வராமலேகூடப் போயிருக்கும். ஏழாவது மாதம் மூச்சு முட்டித் தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நீயும் இருந்தாய். பதினோரு நாள். அவர்கள் தங்களால் முடிந்ததெல்லாம் செய்தார்கள். கடைசிக்கு முந்தின நாள் நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது மூக்கில் இருந்த குழாயை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, “புள்ளகிட்ட…” என்றாள். அவ்வளவுதான் வந்தது. சொல்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில் நீ என்னிடம், “நான் அந்த லீவுக்கு வீட்டுக்கே வந்திருக்கக் கூடாதுப்பா” என்றாய். அந்த இடத்தில், அந்தக் கணத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். உன் தோளில் கை வைத்தேன். வாய் வரவில்லை. அவள் போய்விட்டாள், இதையும் சொன்னால் நீயும் போய்விடுவாய் என்று நினைத்தேன். சொல்லாமலே நீ போய்விட்டாய். திதிக்குக் காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறாய், சாயங்கால பஸ்ஸில் ஏறிவிடுகிறாய். ஒரு ராத்திரி இந்த வீட்டில் நீ தங்கி நாலு வருஷம் ஆகிறது. உன் கட்டிலை நான் மடித்து வைக்கவில்லை. சமைத்தால் இன்னும் மூன்று பேருக்கு அளவு வருகிறது. குறைத்துப் போட்டுப் பார்த்தேன், கை கேட்கவில்லை. வாசலில் பைக் நின்றால் எழுந்து பார்க்கிறேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அவள் போன பிறகு நான் ஒரு வருஷத்திற்கும் மேல் தனியாக மருந்து போட்டேன். வாயைத் திறந்து காட்ட எதிரில் யாரும் இல்லை. இருந்தாலும் ஒரு நாளும் விடவில்லை. குமட்டும்போதெல்லாம் ‘அவளுடைய பாதியையும் சேர்த்துத் தின்கிறேன்’ என்று நினைத்துக்கொள்வேன். குணமான பிறகு மிஷின் ஓட்டப் போகவில்லை. குத்தகை நிலம் போதும் என்று இருந்தபோது செல்வி மேடம்தான் கேட்டார். கோடியக்கரை வரைக்கும் உள்ள ஊர்களிலிருந்து சளி டப்பாக்களை லேபுக்குக் கொண்டுவர ஆள் வேண்டும் என்றார். இரண்டு வருஷமாக அந்த வேலைதான். நீ நான் விவசாயம் மட்டும் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். காலையில் பைக்கில் ஐஸ் வைத்த பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவேன். உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒருவர் போன மாதம் டப்பாவைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். “இது உப்புக் காத்துதாங்க, வேற ஒண்ணும் இல்ல. குடுக்கணுமா?” என்றார். என்னுடைய பழைய குரலையே கேட்பது போல் இருந்தது. நான் பைக்கை நிறுத்திவிட்டு அவரோடு வரப்பில் உட்கார்ந்தேன். தூசு என்று நான் சொன்னதையும், உன் அம்மாவையும் அவரிடம் சொன்னேன். முகம் தெரியாத ஒரு மனிதரிடம் முழுவதும் சொல்ல முடிந்தது. அவர் டப்பாவைப் பெட்டிக்குள் தாமே வைத்தார். மத்தியானத்திற்குள் ரிசல்ட் வந்தது. கிருமி இருந்தது, மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி. அவர் வீட்டில் எல்லோரையும் அந்த வாரமே பார்த்துவிட்டார்கள். அன்று திரும்பி வரும்போது, ஊரான் வீட்டுக்குச் சொன்னதை என் பிள்ளைக்குச் சொல்லவில்லையே என்று பைக்கை ஓரங்கட்டி நின்றுவிட்டேன். அதற்குப் பிறகுதான் ரேவதியின் போன் வந்தது.

நேற்று பெரிய அத்தை வீட்டுக்குப் போனேன். பேரப்பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் சொன்னேன். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “அந்தப் புள்ளயப் பாத்து நான் என்னென்ன பேசியிருக்கேன். என்னை ஏண்டா பேச விட்ட?” என்று கேட்டாள். ஊருக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். தெரியட்டும். உன் பேரில் இருந்த பேச்சு என் பேருக்கு வரட்டும்.

இந்தக் கடிதத்தோடு மூன்று ரிப்போர்ட்டுகளின் நகலும் வைத்திருக்கிறேன். உன்னுடையது, அம்மாவுடையது, என்னுடையது. என் வார்த்தையை நம்பு என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அங்கே ஓசூரில் எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் காட்டு. ஒவ்வொன்றிலும் கடைசி வரியைப் படிக்கச் சொல். ரேவதியையும் கூட வைத்துக்கொண்டு கேள். அந்தப் பெண்ணிடம் எதையும் மறைக்காதே. அவள் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்காமல் இருக்க வேண்டிய நிலைமையை அவளுக்குக் கொடுத்துவிடாதே. உனக்கு வந்த நோய் முழுசாகக் குணமான நோய். அதை நீ யாருக்கும் கொடுக்கவில்லை. நீ ஒரு மாத்திரைகூட விடாமல் போட்டவன். என்னைப் போன்றவன் அல்ல.

கோபம் வரும். வரட்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். நாலு வருஷம் நீ தப்பான ஆள் மேல் வைத்திருந்த கோபம் அது. மன்னித்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அதைக் கேட்டால் மறுபடியும் உன் தலையில் ஒரு சுமையை ஏற்றுவதாகிவிடும். கல்யாணத்தை உன் இஷ்டப்படி வைத்துக்கொள். நான் வர வேண்டாம் என்றால் வரவில்லை. பேச வேண்டாம் என்றாலும் சரி. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். மத்தியானம் வரைக்கும் அங்கே உட்கார்ந்திருப்பேன், பிறகு திரும்பும் பஸ்ஸில் ஏறிவிடுவேன். வருவதும் வராததும் உன் விருப்பம். வந்தால், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போ, போதும். மருந்து முடிந்த பிறகு இரண்டு வருஷம், ஆறு மாதத்திற்கு ஒரு முறை என் சளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியாகப் பார்த்தபோதும் கிருமி இல்லை. பயப்படாமல் உட்காரலாம்.

அப்பா